சங்கத்தின் ஏடுகளும் இரட்டைப் பூட்டும்

நம் கூட்டுறவுச் சங்கங்களில் பெரும்பாலானவற்றில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு. இரண்டு சாவிகளும் ஒருவர் கையில் இருப்பதில்லை. ஒன்று தலைவரிடமோ அவர் பொறுப்பளித்த குழு அங்கத்தினரிடமோ இருக்கும், மற்றொன்று காரியதரிசியிடம் இருக்கும். இருவரும் சேர்ந்தாலன்றிப் பெட்டி திறவாது. எவரையும் சந்தேகித்து ஏற்பட்ட வழக்கமன்று இது. பலருடைய பணம் தனி ஒருவரின் நேர்மையையோ ஞாபகத்தையோ தேக சுகத்தையோ மட்டும் நம்பியிருக்கலாகாது என்ற அனுபவத்தில் விளைந்த வழக்கம் இது.

ஆனால், அப்பெட்டியிலுள்ள பணம் யார் யாருக்கு எவ்வளவு உரியது என்று சொல்லும் கணக்கு இன்று எங்கே இருக்கிறது? முன்பு பேரேட்டில் இருந்தது. பேரேடு அலமாரியில் இருந்தது. இன்று பல சங்கங்களில் அது ஒரு கணினியில் இருக்கிறது. அல்லது 'கிளவுடு' என்று சொல்லப்படும் ஒன்றில் இருக்கிறது. அதன் கடவுச்சொல் ஒரே ஒருவரின் கைபேசியில் இருக்கிறது. பணத்துக்கு இரட்டைப் பூட்டு. பணத்தின் கணக்குக்கோ ஒற்றைச் சாவி! இந்த முரண்பாட்டை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு குடும்பத்தின் சேமிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. நல்ல சங்கம். நூல் இருப்பு சரியாக இருந்தது; கூலிப் பட்டுவாடாவில் குறையில்லை; துணி தேக்கமும் அதிகமில்லை. நெடுங்காலம் பணியாற்றிய காரியதரிசி ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கைசுத்தமானவர்; உழைப்பாளி. யாரும் கேட்காமலே, தம் சொந்த முயற்சியால், கூலிப் பட்டியலையும் அங்கத்தினர் சேமிப்புக் கணக்கையும் கணினியில் ஏற்றியவர் அவர். பாதுகாப்பைக் கருதி அவற்றின் நகலைக் கிளவுடிலும் வைத்தார். ஆனால் அக்கணக்கைத் தம் பெயரில், தம் கைபேசி எண்ணைக் கொடுத்துத் திறந்திருந்தார். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பக்கவாதம் கண்டு, பேச்சும் நினைவும் குன்றினார். பயன்படுத்தாத பழைய கைபேசி எண்ணும் போயிற்று. அதே கோடையில் ஒரு நாள் மாலை இடி விழுந்து, அலுவலகக் கணினியின் வட்டு அடியோடு கெட்டது. பழுது பார்க்க வந்தவர் கையை விரித்துவிட்டார்.

நாம் சென்றிருந்த அன்று ஒரு முதிய அம்மையார் சங்கத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய கணவர் அச்சங்கத்தின் பழைய நெசவாளி. இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வாரந்தோறும் கூலியில் பிடித்த சேமிப்புத் தொகையைக் கேட்டு அவர் வந்திருந்தார். புதிதாக வந்த எழுத்தர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “அம்மா, உங்க கணக்கு மேலே பத்திரமாத்தான் இருக்குது. திறக்கத்தான் வழியில்லே.”

‘மேலே’ என்றதும் அவ்வம்மையார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு நம்மை நோக்கி, “ஐயா, எங்க வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் தறிக்குழியிலே காலை விட்டவரு. பூட்டினவங்க யாரு, சாவி யாருகிட்டே இருக்குது? அதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. சங்கத்தாரிடமும் இல்லை.

கணக்கைத் திரும்ப எழுத ஏழு மாதம் பிடித்தது. அங்கத்தினர்களின் கைப்புத்தகங்களை வீடு வீடாகச் சென்று வாங்கினர். மேலலுவலகத்திற்கு மாதந்தோறும் அனுப்பிய பிடித்தப் பட்டியல்களின் தாள் நகல்களைத் தேடி எடுத்தனர். வங்கியில் செலுத்திய தொகைகளோடு அவற்றை ஒப்பிட்டனர். அந்த அம்மையாரின் கைப்புத்தகத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. பிடித்தப் பட்டியல்கள் இருந்தமையால் அவருக்குத் தொகை கிடைத்தது. ஆனால் எட்டாம் மாதத்தில்தான் கிடைத்தது. அதற்குள் கணவரின் காரியச் செலவுக்காக அவர் வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தார். எந்தக் கந்துவட்டியை ஒழிப்பதற்காகக் கூட்டுறவு இயக்கம் தோன்றியதோ, அதே கந்துவட்டியிடம் ஓர் அங்கத்தினர் குடும்பத்தை நம் கவனக்குறைவு அனுப்பிவைத்தது. பணம் களவு போகவில்லை, கையாடல் நடக்கவில்லை, கணக்கின் சாவி மட்டுமே தவறியது.

கிளவுடு என்பது யாது?

கிளவுடு என்பதை மேகக் கணிமை என்று தமிழாக்கியிருக்கின்றனர். பெயரைக் கேட்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அது தரையில் கட்டிய கட்டடமே. அதற்குள் ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக இரவும் பகலும் இயங்குகின்றன. குளிர்விக்கும் வசதியும், மாற்று மின்சாரமும், காவலும் அங்கே உண்டு. சென்னையிலும் மும்பையிலும் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. நம் ஏட்டை இணையத்தின் வழியே அங்கே அனுப்பி வைக்கிறோம். வேண்டும்போது அதே வழியில் பார்க்கிறோம்.

விவசாய அன்பர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். விளைந்த நெல்லை வீட்டுக் குதிரில் கொட்டி வைக்கலாம். அல்லது கூட்டுறவுக் கிடங்கில் சேர்த்து ரசீது பெறலாம். குதிர் நம் கண்முன் இருக்கிறது. ஆனால் எலியும் ஈரமும் தீயும் அங்கே வரக்கூடும். கிடங்கின் சுவர் உறுதியானது. ஆனால் ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே மூட்டை. நாம் கண்ட சங்கத்தில் கிடங்கு பழுதில்லாமல் இருந்தது. ரசீதுதான் வேறு பெயரில் இருந்தது.

‘கிளவுடா, சொந்தக் கணினியா, எது நல்லது?’ என்று பல சங்கத்தார் நம்மைக் கேட்கின்றனர். இக்கேள்வியில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஏட்டை எழுதித் திருத்துவது ஒரு வேலை. எழுதி முடித்ததை அழியாமல் காப்பது மற்றொரு வேலை. இரண்டுக்கும் விடை ஒன்றன்று.

திருத்துவதற்கு ஓரிடம்

முதலில் திருத்தும் வேலையைக் காண்போம். ஒரு சங்கத்தில் துணைவிதித் திருத்த வரைவைத் தயாரித்தனர். எழுத்தர் தம் கணினியில் எழுதினார். தலைவர் பென் டிரைவில் வாங்கிச் சென்று வீட்டில் சில மாற்றங்கள் செய்தார். இன்னொரு குழு அங்கத்தினர் மின்னஞ்சலில் வந்த பழைய படியில் தம் திருத்தங்களைச் சேர்த்தார். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’ என்று மூன்று கோப்புகள் உண்டாயின. பொதுப்பேரவையில் படித்தது ஒன்று. பதிவுக்கு அனுப்பியது மற்றொன்று. மனு திரும்பி வந்தது. மீண்டும் பேரவை கூட்ட வேண்டியதாயிற்று.

இத்தகைய வேலைக்குக் கிளவுடில் எழுதுவதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்றவற்றில் ஏடு ஒன்றே. திருத்துவோர் பலராக இருக்கலாம். மேலும் இவற்றில் பழைய வடிவங்களின் வரலாறு தங்கியிருக்கிறது. எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து, எந்த வரி மாறியது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். பேரேட்டில் அடித்து எழுதினால் சுருக்கொப்பம் இட வேண்டும் என்ற நம் பழைய விதிக்கு இது ஏறக்குறைய நிகரானது. அன்றியும், ஒருவருக்குத் திருத்தும் உரிமையும், மற்றொருவருக்குக் குறிப்பு எழுதும் உரிமை மட்டும், வேறொருவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் வழங்கலாம். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுப்பது, ரொக்கப் புத்தகத்தைத் திண்ணையில் பேனாவோடு வைப்பதற்கு ஒப்பாகும்.

சொந்தக் கணினியில் எழுதுவதற்கும் தக்க இடம் உண்டு. இணைப்பு இல்லாத ஊரிலும் அதில் வேலை நடக்கும். லிப்ரே ஆஃபீஸ் போன்ற மென்பொருளுக்கு விலையும் இல்லை. ஒருவரே எழுதி ஒருவரே முடிக்கும் ஏட்டுக்கு அது போதும். பலர் கை வைக்கும் ஏடாயின், மூலப்படி எது என்பதை முதலிலேயே தீர்மானித்து, அந்த ஒன்றில் மட்டும் திருத்த வேண்டும். படி பெருகினால் பிழை பெருகும்.

சொந்தக் கணினி மட்டும் போதாது

இனிக் காக்கும் வேலைக்கு வருவோம். ‘நம் ஏடு நம் அறையிலேயே இருக்கட்டும்; பிறர் கட்டடத்தை ஏன் நம்ப வேண்டும்?’ என்று கூறுவோர் உண்டு. அவர்கள் 2015 டிசம்பரை மறக்கலாகாது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் புகுந்தபோது வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த பத்திரங்களும் கணினிகளும் ஒருசேர நனைந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் கணினியும், அதன் பக்கத்து மேசையறையில் வைத்த பென் டிரைவும் ஒன்றாகவே அழியும். ஒரே அறையில் உள்ள இரண்டு நகல்கள், ஆபத்துக் காலத்தில் ஒரு நகலே.

வெள்ளம் வாராத ஊரிலும் வட்டு தேய்ந்து நின்றுபோகும். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் மேசையறையில் போட்டு வைத்தால், எழுதியது அதில் நிலைக்கும் என்ற உறுதியில்லை. இவற்றுக்கு மேல் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் என்றொரு புதுக் கறையான் தோன்றியிருக்கிறது. அது கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்ற தீநிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பற்றியது. கணினியோடு எந்நேரமும் செருகியிருக்கும் வெளிவட்டையும் இத்தகைய தீநிரல் பூட்டிவிடக் கூடும் என்பதை நினைவில் கொள்க.

கிளவுடு மட்டும் போதாது

‘அப்படியானால் எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே’ என்று எண்ணுவதும் தவறு. உலகில் நடந்த சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறோம்.

தென்கொரிய அரசு தன் அலுவலர்களுக்கென ‘ஜி-டிரைவ்’ என்ற கிளவுடு சேமிப்பகத்தை நடத்தி வந்தது. அலுவல் ஏடுகளை மேசைக் கணினியில் வைக்காமல் அதில் வைக்குமாறு அலுவலர்கள் அறிவுறுத்தப்பட்டிருந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசின் தகவல் நிலையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. 858 டெராபைட் அளவுள்ள அலுவல் ஏடுகள் அழிந்தன. அச்சேமிப்பகத்துக்கு மட்டும் வேறிடத்தில் காப்பு நகல் வைக்கப்படவில்லை. அளவு மிகப் பெரிது என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அலுவலர்கள் பயன்படுத்திய சேமிப்பகம் அது. அறிவுரையை முழுமையாகப் பின்பற்றி, எல்லா ஏடுகளையும் அதிலேயே வைத்திருந்த பணியாளர் துறைதான் மிகுந்த பாதிப்படைந்தது.

பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ‘ஓவிஎச்’ நிறுவனத்தின் நிலையம் 2021 மார்ச் 10 அன்று தீக்கிரையாயிற்று. காப்பு நகலுக்கென்று தனிக் கட்டணம் செலுத்திய ஒரு வாடிக்கையாளரின் மூலப்படியும் நகலும் ஒரே கட்டடத்தில் இருந்து அழிந்தன. 2023-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைத்தாலும் எரிந்த ஏடு திரும்பி வராது.

ஆஸ்திரேலியாவில் ‘யூனிசூப்பர்’ என்ற ஓய்வூதிய நிதியத்தின் கிளவுடுக் கணக்கு 2024 மே மாதத்தில், கூகுள் கிளவுடு அமைப்பில் நேர்ந்த தவறினால் நீக்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்க்க இயலாதிருந்தனர். அந்நிதியத்தார் தனியாக வைத்திருந்த காப்பு நகல்களால் கணக்கு மீண்டது. உழைப்பாளரின் சேமிப்பைக் காக்கும் நம் போன்ற நிலையம் ஒன்று, ‘ஒரே வாசலை நம்பாதே’ என்ற பழக்கத்தால் பிழைத்தது.

நம் நாட்டிலும் 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளித்த ஒரு நிறுவனத்தைப் பிணைத்தொகைத் தீநிரல் தாக்கியது. சுமார் 300 கூட்டுறவு, ஊரக வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை முன்னெச்சரிக்கையாகத் துண்டிக்கப்பட்டு, பின்னர் மீண்டது. பலருக்கும் பொதுவான ஓரிடம் கெட்டால் பலரும் ஒரே நேரத்தில் கஷ்டப்படுவர்.

கிளவுடு கெடாவிட்டாலும் அதற்குச் செல்லும் வழி கெடலாம். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின், டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களில் நாட்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. நிவாரணத்துக்காக அங்கத்தினர் பட்டியலும் பயிர்க்கடன் பட்டியலும் உடனே தேவைப்படும் நேரம் அதுவே. அந்நேரத்தில் தாளில் அச்சிட்ட பட்டியலே கை கொடுக்கும்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். கணினியிலுள்ள கோப்புறையையும் கிளவுடிலுள்ள கோப்புறையையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதிக்கு ஒத்திசைவு என்று பெயர். இதையே பலர் காப்பு நகல் என்று கருதி ஏமாறுகின்றனர். ஒரு விவசாயிகள் சங்கத்தில் கணினி மெதுவாக ஓடுகிறதென்று பழைய ஆண்டுகளின் கோப்புறையை ஒருவர் நீக்கினார். ‘கிளவுடில்தான் இருக்கிறதே’ என்பது அவர் எண்ணம். ஒத்திசைவு தன் கடமையைத் தவறாமல் செய்தது, கிளவுடிலும் நீக்கியது. நீக்கியவை குப்பைக் கூடையில் ஒரு மாதம் மட்டுமே தங்கும். தணிக்கையின்போது, மூன்றாம் மாதத்தில்தான் இது தெரிய வந்தது. முந்தைய தலைவர் எப்போதோ ஒரு வட்டில் நகல் எடுத்து வீட்டில் வைத்திருந்ததால் அச்சங்கம் தப்பியது.

கண்ணாடியில் தெரியும் உருவம் இரண்டாவது ஆளாகாது, ஒத்திசைவும் அத்தகையதே. மூலத்தில் நேரும் பிழை அதிலும் நேரும். மூலம் மாறினாலும் தான் மாறாமல், தேதியோடு, தனியாக இருப்பதே காப்பு நகல்.

காப்பதற்கு மூன்றிடம்

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ஓர் எளிய விதி இன்று உலகெங்கும் வழங்கி வருகிறது. முக்கியமான எதற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். நம் சங்கங்களுக்கு ஏற்றவாறு இதைக் கீழ்க்கண்டபடி அமைத்துக் கொள்ளலாம்.

1. அன்றாட ஏடு ஓரிடத்தில் இருக்கட்டும். பலர் திருத்துவதாயின் கிளவுடில். ஒருவர் எழுதுவதாயின் அலுவலகக் கணினியில்.

2. கிளவுடுக் கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். மீட்பு எண்ணாகத் தலைவரின் எண்ணைச் சேர்க்கலாம். தனிநபரின் இலவசக் கணக்கை இரண்டாண்டுகள் திறவாதிருந்தால் நீக்கலாம் என்பது 2023-இல் கூகுள் அறிவித்த விதி. ஓய்வு பெற்றவரின் கணக்கு இதற்கு எளிதில் இலக்காகும்.

3. கடவுச்சொல்லுடன் கைபேசிக் குறியீடும் கேட்கும் ஈரடுக்குச் சரிபார்ப்பைத் தவறாமல் வைக்க வேண்டும். கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி, உறையில் அரக்கு முத்திரையிட்டு, இரட்டைப் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும்.

4. மாதம் முடிந்ததும் அம்மாதத்துக் கணக்கைத் திருத்த முடியாத வடிவில் மூடி, வெளிவட்டு ஒன்றில் நகல் எடுத்து, வட்டைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு வட்டுகளை மாதம் மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வேறு கட்டடத்தில் வைப்பது நலம். மத்தியக் கூட்டுறவு வங்கியின் பாதுகாப்புப் பெட்டகமோ, அண்டைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியோ இதற்கு உதவும். வட்டுக்கும் கடவுச்சொல் இட வேண்டும். அச்சொல்லும் மேற்சொன்ன உறையிலேயே இருக்கட்டும்.

5. பங்கு, சேமிப்பு, கடன் நிலுவைப் பட்டியல்களை மாத இறுதியில் தாளில் அச்சிட்டு, இருவர் கையொப்பமிட்டுக் கட்டி வைக்க வேண்டும். அங்கத்தினர் கைப்புத்தகத்தில் வரவு வைப்பதைக் கணினி வந்துவிட்டது என்று நிறுத்தலாகாது.

6. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காப்பு நகலிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து, பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர். திறந்து பார்க்காத நகல், அளக்காமல் போட்டதற்குச் சமம்.

7. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள பட்டியல்களை, இணைப்பைப் பெற்ற எவரும் திறக்கும்படி விடலாகாது. பெயர் குறித்த நபர்களுக்கு மட்டுமே திறக்கட்டும். பணி மாறியவரின் உரிமையை அன்றே நீக்க வேண்டும்.

8. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, சாவிகளோடு மின்னஞ்சல், கிளவுடுக் கணக்கு, வட்டுகள் ஆகியவற்றையும் வரிசை எண்ணிட்டுச் சேர்க்க வேண்டும். புதியவர் தம் கையால் திறந்து பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

செலவு அதிகமன்று. ஒரு நடுத்தரச் சங்கத்தின் ஓராண்டு எழுத்து ஏடுகள் வட்டின் சிறு மூலையில் அடங்கும். வட்டு இரண்டும் அச்சுத்தாளும் வாங்கும் செலவை, ஏழு மாதம் வீடு வீடாக அலைந்து கணக்கு எழுதிய செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க.

சட்டம் கூறுவது

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஏட்டுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஏட்டின் அச்சுப்படியையோ நகலையோ நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கும்போது, உரிய சான்றிதழையும் உடன் கொடுக்க வேண்டும். ஏடு எந்தச் சாதனத்தில் இருந்தது, எவர் பொறுப்பில் இருந்தது என்பதை அதில் கூற வேண்டியிருக்கும். யாருடையதென்று தெரியாத தனிக் கணக்கில் கிடந்த ஏட்டுக்கு எவர் துணிந்து சான்றளிப்பார்? ஆகவே, ஏடு சங்கத்தின் பொறுப்பில் இருப்பது வசதிக்காக மட்டுமன்று, வழக்கு வந்தால் நிற்பதற்காகவும் ஆகும். சட்டமும் துணைவிதிகளும் தாளில் வைக்குமாறு கோரும் பதிவேடுகளைத் தாளிலேயே தொடர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கணக்கை மின்னணு முறையில் வைத்தால், அதன் காப்பு நகலை இந்தியாவிலுள்ள கணினியில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பது அதன் அன்றைய அளவு. கிளவுடில் இயங்கும் பொது மென்பொருளே அத்திட்டத்தின் அடிப்படை. மென்பொருளைக் காப்போர் வேறு இருப்பினும், மாதாந்திர அச்சுப்படியும் கைப்புத்தகமும் நம் பொறுப்பே.

கணக்கின் அருமை நம் நாட்டுக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கலாகாது என்று விதித்தன. அந்த விதியை ஊரார் ஓலையில் மட்டும் எழுதிவிட்டு விடவில்லை; கோயில் சுவரில் எல்லோரும் காணப் பொறித்தனர்.

மாதிரித் தீர்மானம்

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கீழ்க்கண்டவாறு ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்:

“சங்கத்தின் மின்னணு ஏடுகள் யாவும் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் மட்டுமே வைக்கப்பட வேண்டும் எனவும், அதன் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடுகளும் முத்திரையிட்ட உறையில் இரட்டைப் பூட்டில் வைக்கப்பட வேண்டும் எனவும், மாதந்தோறும் வெளிவட்டு நகலும் அச்சுப்படியும் எடுக்கப்பட வேண்டும் எனவும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகல் சோதிக்கப்பட்டு அதன் முடிவு குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

தீர்மானம் எழுதுவதோடு நின்றால் பயனில்லை. அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். பொதுப்பேரவையில் லாப ஈவு எவ்வளவு என்று கேட்கிறோம். போனஸ் எப்போது என்று கேட்கிறோம். இனி இதையும் சேர்த்துக் கேட்போம்: ‘நம் கணக்கின் படிகள் எத்தனை? எங்கெங்கே இருக்கின்றன? கடைசியாகத் திறந்து பார்த்த தேதி யாது?’ இம்மூன்றுக்கும் காரியதரிசி உடனே விடை கூறினால் அச்சங்கத்தின் கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று கொள்ளலாம். விடை வரத் தாமதமானால் அவரைக் குறை கூற வேண்டாம். உடனிருந்து உதவி செய்வோம். நாம் கண்ட காரியதரிசி நல்லவரே. நல்லவரும் நோயுறுவார் என்பதை மறந்ததுதான் நம் எல்லோருடைய குற்றம்.

அந்தச் சங்கத்துக்குச் சென்ற ஆண்டு மீண்டும் சென்றிருந்தோம். இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினர். பணக் கட்டின் பக்கத்தில் அரக்கு முத்திரையிட்ட உறை ஒன்று இருந்தது. உறையின் மேல் தேதியும் இருவர் கையொப்பமும் இருந்தன. ‘சாவி யாருகிட்டே இருக்குது?’ என்று அன்று அந்த அம்மையார் கேட்டதற்கு இப்போது விடை உண்டு: சாவி சங்கத்திடம் இருக்கிறது.